மாமூலி மோச்: ஒரு ஹவில்தாரின் வலது முட்டி

2023 ஜூலையில் அவர் என் கிளினிக்குக்கு வந்தபோது கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று இருந்தது. உட்காரச் சொல்வதற்கு முன்பே அதை மேஜையில் கவிழ்த்தார். இரண்டு எக்ஸ்ரே, ஒரு எம்.ஆர்.ஐ. உறை, ரப்பர் பேண்ட் போட்ட மருந்துக்கடை ரசீதுகள், எண்ணெய்க் கறை ஏறிய துணிச்சுருள் (புத்தூர் கட்டு போட்டதன் மிச்சம்), பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக், முனை உடைந்த பழைய இ.சி.எச்.எஸ். கார்டு (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை). எல்லாம் இருந்தது, ஒரே ஒரு காகிதத்தைத் தவிர. அவருடைய முட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதி நேரம் அந்த இல்லாத காகிதத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் வேலூர் மாவட்டத்தில் பிசியோதெரபிஸ்ட். இங்கே மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் முன்னாள் படைவீரர்களின் முட்டியும் முதுகும் எனக்குப் புதிதல்ல. இவர் கதையை எழுதுவதற்குக் காரணம், முட்டி கெட்டுப்போனதும் உரிமை நழுவியதும் இவருக்கு ஒரே நாளில், ஒரே வாக்கியத்தால் நடந்தன. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் யூனிட்டையும் சொல்லப்போவதில்லை.

1997, குப்வாரா

1989-ல் 19 வயதில் சேர்ந்தவர். 1997 குளிர்காலத்தில் காஷ்மீரில் குப்வாரா பக்கம் ராத்திரி ரோந்து முடித்துச் சரிவில் இறங்கும்போது வலது பாதம் கல்லிடுக்கில் மாட்டியது. முதுகில் சுமை. பாதம் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு திரும்பிவிட்டது. "டப்புனு ஒரு சத்தம் தம்பி. பக்கத்துல வந்தவனுக்கே கேட்டுச்சு." விடிவதற்குள் முட்டி பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

இந்த மூன்று வரியிலேயே நோயின் பாதி தெரிந்துவிடுகிறது. பாதம் ஊன்றியிருக்க உடம்பு திரும்புவது, சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம். மூன்றும் சேர்ந்தால் முட்டிக்குள் குறுக்கே ஓடும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு அறுந்து உள்ளே ரத்தம் கோத்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறை) இருந்த டாக்டரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஸ்ரீநகர் பேஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றாராம்.

இவர் சொன்ன பதில்: "மாமூலி மோச் ஹை, சாப்." சாதாரணச் சுளுக்குதான் ஐயா.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு விளக்காமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவத்தில் ஒருவரின் உடல் தகுதியை ஷேப் என்று ஐந்து எழுத்தில் அளப்பார்கள். மனநிலை, காது, கை கால், உடல் திறன், கண். ஐந்திலும் 1 என்ற எண் வாங்கியவர் ஷேப்-1. கை காலுக்கான எழுத்தில் எண் ஏறினால் 'லோ மெடிக்கல்'. கேட்டகிரி விழுந்துவிட்டது என்பார்கள். அப்புறம் பதவி உயர்வும் சர்வீஸ் நீட்டிப்பும் கைக்கு எட்டாமல் போகலாம். இவருக்கு அடுத்த சில மாதத்தில் ஹவில்தார் ஆவதற்கான கேடர் (பதவி உயர்வுப் பயிற்சி) இருந்தது. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிரேப் பேண்டேஜ், வலி மாத்திரை, மூன்று நாள் பி.டி.க்கு விலக்கு. அத்தோடு முடிந்தது.

இவர் சொன்ன அந்தப் பதிலால் எழுதப்படாமல் போனது காயத்துக்கான அறிக்கை. ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்று ஒரு படிவம் உண்டு. காயம் எங்கே, எப்படி, பணியில் இருந்தபோதா இல்லையா என்று எழுதி கமாண்டிங் ஆபீசர் கையெழுத்துப் போடுவது அதில்தான். 2015-ல் ஓய்வு பெறும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கலிலும் "கோயி தக்லீஃப்?" (ஏதாவது தொந்தரவு?) என்ற கேள்விக்கு "நஹீ சாப்" (இல்லை ஐயா) என்றே சொல்லியிருக்கிறார். 26 வருட சர்வீஸ் ஷேப்-1 என்று முடிந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. நான் குறுக்கே பேசவில்லை.

வந்தபோது இருந்த நிலை

ஓய்வுக்குப் பின் ஒரு கல்லூரி கேட்டில் செக்யூரிட்டி வேலை. 12 மணி நேரம், பெரும்பாலும் நின்றபடி. பட்டாளத்தில் 68 கிலோ இருந்தவர் 86 ஆகியிருந்தார். மாடிப்படி இறங்கும்போது முட்டி திடீரென்று விட்டுக்கொடுக்கும். நாலு வருடமாகத் தரையில் சம்மணம் போட்டதில்லை. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாமல் குழாயைப் பிடித்துத் தொங்கி, அந்தக் குழாயே ஒருநாள் பிய்ந்துவிட்டது. இதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேன்ட்டை மடித்து நிற்கச் சொன்னேன். பழக்கதோஷம், சாவ்தான் (அட்டென்ஷன்) நிலையில் நின்றார். அந்த நிமிர்வில்தான் இரண்டு தொடைக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. முட்டிச் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே டேப் வைத்து அளந்தேன். வலது தொடை 3 சென்டிமீட்டர் சிறிது. கால் முழுதாக நீளவில்லை, 8 டிகிரி மிச்சம். மடக்கினால் 110 வரை. முட்டியின் உள்பக்க இடுக்கில் விரல் வைத்தால் வலி. தொடையை ஒரு கையால் பிடித்துக் முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பை முன்னே இழுத்தால், சட்டென்று தடுத்து நிற்க வேண்டிய இடத்தில் தடுப்பே இல்லை, இழுத்த கைக்கு வந்துகொண்டே இருந்தது. எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது: ஏ.சி.எல். பழைய முழுக் கிழிசல், உள்பக்க மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு வளையம்) பின்பகுதியில் கிழிசல், குருத்தெலும்புத் தேய்மானம். எக்ஸ்ரேயில் தேய்மானம் மூன்றாம் நிலை.

ஏ.சி.எல். அல்லது மெனிஸ்கஸ் கிழிந்த முட்டிகளில் ஏறத்தாழ பாதி, 10 முதல் 20 வருடத்துக்குள் தேய்மானத்துக்குப் போகிறது. இவருடையது 20 வருடத்துக்கு மேல் தாங்கியது. தொடைத் தசை இரும்பு மாதிரி இருந்தவரை அறுந்த ஜவ்வின் வேலையையும் அதுவே பார்த்தது. பி.டி. நின்றது, தசை கரைந்தது, எடை ஏறியது. அப்புறம்தான் முட்டி தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது.

2,40,000 ரூபாய்

என்னிடம் வருவதற்கு முன் அவர் சுற்றிய சுற்று பெரிது. முதலில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர். இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து புத்தூர். எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற கட்டு அது. அறுந்த ஜவ்வை அது என்ன செய்யும்? பிறகு ஒரு தனியார் மருத்துவமனை. 6,500 ரூபாய் கையிலிருந்து கொடுத்து ஸ்கேன். பார்த்த டாக்டர் உடனே மூட்டு மாற்ற வேண்டும் என்று 2,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சக செக்யூரிட்டி ஒருவர் என் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

"இவர்கிட்ட மிலிட்டரி கார்டு இருக்குல்ல தம்பி, அது எதுக்குத்தான்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"அது பெரிய வியாதிக்குடி. ஹார்ட்டு, கேன்சர்" என்றார் இவர்.

இந்த நினைப்பு இவருக்கு மட்டுமில்லை. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை. இன்றைய கணக்கில் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. தலைவலி மாத்திரையிலிருந்து மூட்டு மாற்று வரை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு வாசல் ஒன்றே ஒன்றுதான், அந்தத் திட்டத்தின் சொந்த மருத்துவ நிலையமான பாலிகிளினிக். அங்கே மருத்துவ அதிகாரி பார்த்து ரெஃபரல் எழுதினால்தான் எம்பேனல் ஆன, அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள, மருத்துவமனையில் பணமில்லாமல் சிகிச்சை. நேரே போய் ஸ்கேன் எடுத்துவிட்டு ரசீதை நீட்டினால் வேலைக்காகாது. அந்த 6,500 ரூபாய் போனது போனதுதான். (நெஞ்சுவலி, விபத்து என்றால் கதை வேறு. எம்பேனல் ஆகாத மருத்துவமனையிலும் சேர்க்கலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்விட வேண்டும். பணம் பிறகு வரும், அதுவும் அரசு நிர்ணயித்த கட்டணத்துக்குள்தான்.)

2019-ல் ஒரு தடவை பாலிகிளினிக் போயிருக்கிறார். 35 கிலோமீட்டர், பஸ் மாறிப் போக வேண்டும். எழுதிய மூன்று மருந்தில் இரண்டு ஸ்டாக் இல்லை. 'என்.ஏ.' (நாட் அவைலபிள், ஸ்டாக் இல்லை) என்று எழுதி வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்கடையில் பெறவோ, வெளியே வாங்கி ரசீது போடவோ வழி இருக்கிறது என்பதை அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கோபத்தில் வந்தவர் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

நான் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். காயம் நடந்த விதம், தொடை அளவு, மடங்கும் டிகிரி, ஸ்கேன் முடிவு, என்ன கேட்டு வந்திருக்கிறார் என்பது கடைசி வரியில். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். டோக்கன் வரிசையில் ஐந்து நிமிடம் கிடைக்கும் இடத்தில் 26 வருடக் கதையை ஒரு மனிதர் ஹிந்தியும் தமிழும் கலந்து சொல்லி முடிப்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிடும். முதல் நாள் கார்டிலேயே நின்றது. அவர் வைத்திருந்தது பழைய கார்டு, மெஷின் ஏற்கவில்லை. புதிய 64 கே.பி. கார்டுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து, தற்காலிகச் சீட்டு எடுத்துக்கொண்டு போனபோது ரெஃபரல் கிடைத்தது. எந்த மருத்துவமனை என்பதைப் பட்டியலிலிருந்து அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாம் முடிய ஐந்து வாரம். கார்டு ஒழுங்காக இருந்திருந்தால் ஒரே நாள் வேலை.

எம்பேனல் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் பத்தடி நடக்கவைத்துவிட்டுச் சொன்னது: "இப்போ வேண்டாம்." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மூட்டு மாற்று நல்ல சிகிச்சைதான். பொருத்திய மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன. ஆனால் வயது ஒரு பெரிய கணக்கு. 70 தாண்டி மாற்றியவர்களில் வாழ்நாளில் மறுபடி அறுவை தேவைப்படும் வாய்ப்பு 5 சதவீத அளவில் இருக்க, 50களின் தொடக்கத்தில் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது என்று பிரிட்டனின் தரவுகள் காட்டுகின்றன. இவருக்கு அப்போது வயது 53.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரவலாகப் பொருத்தும் கோபால்ட் குரோமியம் மூட்டின் சராசரி விலை 1,58,324 ரூபாயாக இருந்ததை 2017 ஆகஸ்டில் மத்திய அரசு 54,720 என்று உச்சவரம்பு போட்டது. அதனால் எஸ்டிமேட் கையில் வந்தால் மூட்டுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

துளைபோட்டுச் சுத்தம் செய்துவிடலாமா என்றும் அவர் கேட்டார். கிராமத்தில் யாரோ செய்துகொண்டார்களாம். இதற்கான பதில் முன்னாள் படைவீரர்களிடமிருந்தே வந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் தேய்மான முட்டியுள்ள 180 பேரைப் பிரித்து, சிலருக்கு ஆர்த்ராஸ்கோபி (இந்தத் துளைபோடும் சிகிச்சை), சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். வலியில் வித்தியாசமில்லை. 2002-ல் வெளியான ஆய்வு அது. இதைச் சொன்னதும் "கீறி மட்டும் விட்டாங்களா? நம்ம ஆளுங்க சும்மா விட்டிருப்பாங்களா!" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதலில் பார்த்தேன்.

ஏக், தோ, தீன்

முதல் இரண்டு வாரம் பயிற்சி மிக எளிது. முட்டிக்கடியில் சுருட்டிய டவலை வைத்துத் தொடையை இறுக்கி அதை அழுத்துவது, ஐந்து எண்ணும் வரை பிடிப்பது. காலை நேராக ஒரு முழம் தூக்கி இறக்குவது. 10 தடவை, மூன்று வேளை. மூன்றாவது வாரம் முட்டி பந்து மாதிரி வீங்கி வந்தார். எத்தனை செய்தீர்கள் என்றேன். "காலைல 200, சாயங்காலம் 200."

தவறு என்னுடையது. சாதாரண நோயாளிக்குக் குறைந்தது எவ்வளவு என்று சொன்னால் போதும், மீதியைச் சோம்பல் பார்த்துக்கொள்ளும். பட்டாளத்துக்காரருக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வலியைத் தாங்குவதுதான் பயிற்சி என்று 26 வருடம் கற்றவரிடம் 'வலி வந்தால் நிறுத்துங்கள்' என்றால் அது காதிலேயே ஏறாது. அதனால் உத்தரவாகவே எழுதிக் கொடுத்தேன்: "15-க்கு மேல் செய்வது ஒழுங்கீனம்." கீழே கையெழுத்தும் போட்டேன். அதை அட்டையில் ஒட்டிக் கட்டில் தலைமாட்டில் மாட்டிவிட்டார். மறுநாள் வீக்கம் எவ்வளவு, ராத்திரி வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். நாலுக்கு மேல் போனால் அடுத்த நாள் பாதி. டியூட்டி ரிஜிஸ்டர் மாதிரி நேரம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

நாலாவது வாரத்திலிருந்து நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, ஆறு அங்குலப் பலகையில் ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. தன் எண்ணிக்கையைத் தானே சத்தமாகச் சொல்வார், ஏக், தோ, தீன். வெளியே காத்திருந்த பாட்டிகள் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு பாட்டியும் ஏக், தோ போட ஆரம்பித்துவிட்டது வேறு கதை.

எடை விஷயத்தில் மனைவிதான் முன்னின்றார். இரவுச் சாதம் பாதியானது, டியூட்டி டீயில் சர்க்கரை நின்றது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் சுமார் 4 கிலோ பாரம் குறையும் என்று சொன்னது இவருக்குப் பிடித்துப்போனது. "அப்போ ஏழு கிலோன்னா ஒரு ஆள் இறங்கிட்ட மாதிரி இல்ல?" என்றார். 28 கிலோ, ஒரு சின்னப் பையன் இறங்கிய கணக்கு. 14 வாரத்தில் 79. வீட்டில் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றினார்கள். கல்லூரியில் பேசி கேட்டில் ஒரு உயரமான ஸ்டூல் வாங்கினார். இந்த ஸ்டூலுக்காக அவர் கேட்கத் தயங்கிய தயக்கம் இருக்கிறதே, 400 தடவை கால் தூக்குவது அவருக்கு அதைவிட எளிதாக இருந்திருக்கிறது.

இல்லாத காகிதம்

முட்டி ஒரு நிலைக்கு வந்த பிறகு அவர் மெதுவாக ஆரம்பித்தார். அதே யூனிட்டில் இருந்த நண்பருக்கும் முட்டிதான். அவர் ஆஸ்பத்திரி போனார், கேட்டகிரி விழுந்தது, ஹவில்தார் ஆகாமலே வந்தார். இன்று அவருக்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் வருகிறது. "எனக்குக் கிடைக்காதா?"

நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். பாதிப்பு பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று ஏற்கப்பட்டு, அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. அந்தக் கணக்கில் 20 சதவீதக்காரருக்கு 6 சதவீதம் வரும். ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதன்படி 15 சதவீதம். பாதிப்பால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த இந்த உயர்வை, சர்வீஸ் முடித்து இயல்பாக ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால் பின்னால் வந்த பாதிப்பு பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றும் தீர்ப்பு இருக்கிறது.

கேட்கும்போது அவர் முகம் மலர்ந்தது. இடறல் அதற்கு அடுத்த படியில் இருந்தது. அந்த நண்பருக்கு ஓய்வின்போதே பாதிப்பு பதிவில் இருந்தது. இவருடைய பதிவில் சேரும்போதும் குறையில்லை, போகும்போதும் குறையில்லை. ஓய்வுக்குப் பின் தலைகாட்டும் பாதிப்புக்கும் விதிகளில் இடம் உண்டு, ஆனால் அதற்குக் கால வரம்பும் ஆதாரமும் வேண்டும். 1997-ல் அந்தச் சரிவில் ஏதோ நடந்தது என்பதற்கு ஒரு வரியாவது எங்காவது இருக்க வேண்டும்.

ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினார். மருத்துவ ஆவணங்களின் நகல் வந்தது. எம்.ஐ. ரூம் பதிவேடு இப்போது இல்லை என்ற பதிலும் வந்தது. அந்த நகல்களை இருவரும் உட்கார்ந்து புரட்டினோம். 1999-ல் நடந்த வருடாந்திரப் பரிசோதனையில் யாரோ ஒரு டாக்டர் கிறுக்கலாக எழுதிய அரை வரி இருந்தது: வலது முட்டி, பழைய சுளுக்கு, தற்போது தொந்தரவில்லை.

அவர் அதைப் பலமுறை படித்தார். "பழைய சுளுக்கு" என்பதில் விரல் நின்றது. "தொந்தரவில்லை" என்பது தானே சொன்னதுதான் என்றார்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழிகாட்டலில் மனு தயாரானது. அன்று கூட ரோந்தில் வந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டவர், திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினார்கள். மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு, அதுவும் இல்லையென்றால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இது கிடைக்கும் என்று நான் அவருக்கு நம்பிக்கை கொடுக்கவில்லை.

2024 நவம்பரில் கடைசியாகப் பார்த்தேன். தொடை வித்தியாசம் 1.2 சென்டிமீட்டர். கால் முழுதாக நீளுகிறது. மாடிப்படியைக் கைப்பிடி தொடாமல் இறங்குகிறார், சம்மணம் இன்னும் முடியாது. டைக்ளோஃபெனாக் நின்று ஒரு வருடம் ஆகிறது. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினைன் பரிசோதனை பாலிகிளினிக்கிலேயே எடுத்தார், சரியாக இருக்கிறது. மனுவுக்குப் பதில் வரவில்லை. கட்டைப்பைக்குப் பதிலாக ஒரு ரிங் ஃபைல் கொண்டுவந்திருந்தார். பிரித்துக் காட்டினார்: கார்டு நகல், ரெஃபரல்கள், என்.ஏ. சீட்டுகள், தேதி வாரியாக. முதல் பிளாஸ்டிக் தாளில் 1999-ன் அந்த அரை வரி, மஞ்சள் ஹைலைட்டர் போட்டு.

கிளம்பும்போது, பக்கத்து வீட்டுப் பையன் அக்னிவீர் ஓட்டப் பயிற்சியில் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டான், அழைத்து வரலாமா என்று கேட்டார். நாளைக்குக் கூட்டி வாருங்கள் என்றேன்.

"நாளைக்கு எதுக்கு? வெளியே பைக்ல உக்காந்திருக்கான்" என்றார். "ஒண்ணுமில்ல, சரியாயிடும்னுதான் சொல்றான்."